ராணுவத் தளம் வருகிறது: நகர்மன்றம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நான் ஒரு சிறு நகரத்தின் மன்றத் தலைவர். எங்கள் எல்லையை ஒட்டியுள்ள பழைய ஓடுபாதையை நீட்டி விமானப் படையின் பயிற்சித் தளமாக்கப் போகிறார்கள். பக்கத்திலேயே வெடிமருந்துக் கிடங்கும் வருமாம். வணிகர்களுக்குச் சந்தோஷம். ஓடுபாதைக்கு அருகில் இருக்கும் குடியிருப்புகளுக்கும் விவசாயிகளுக்கும் பயம். அடுத்த கூட்டத்திலேயே ஆதரவுத் தீர்மானம் போட்டுவிடுங்கள் என்று மேலிருந்து சொல்கிறார்கள். கேள்வி கேட்டால் தேசப்பற்று இல்லாதவர் என்பார்கள். கேட்காவிட்டால் நாளைக்கு ஊர் என்னைக் கேட்கும். இதன் நன்மை தீமைகளை எப்படி எடைபோடுவது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தளத்துக்குப் போகும் சாலையில் என் மைத்துனருக்கு நிலம் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: நகரத் திட்டமிடல் ஆலோசகர்

தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. மைத்துனரின் நிலத்தைப் பற்றி எழுத்தில் அறிவித்துவிடுங்கள். தளம் பற்றிய முதல் விவாதம் தொடங்குவதற்கு முன்பே அது கூட்டக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். சாலை, நிலம் தொடர்பான பொருள்கள் வரும்போது தலைமை இருக்கையைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். தளம் வந்தால் அந்த நிலத்தின் விலை ஏறும். நீங்கள் ஆதரித்தால் அதற்காகத்தான் ஆதரித்தீர்கள் என்பார்கள். எதிர்த்தால் பேரம் பேசுகிறீர்கள் என்பார்கள். இரண்டு வாயையும் அடைக்க அறிவிப்பு ஒன்றுதான் வழி. கையோடு மற்ற உறுப்பினர்களையும் அறிவிக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் அறிவிப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சாலையோர நிலம் கைமாறியிருப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல. யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்பது பத்திரப்பதிவில் இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். எடைபோடுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தளம் வருவதா வேண்டாமா என்பதை நீங்கள் தீர்மானிக்கப்போவதில்லை. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பாதுகாப்பு என்பது மத்திய அரசின் அதிகாரம். ஜப்பானில் இவாகுனி நகரத்தின் கதை இதற்கு நல்ல பாடம். அங்கே உள்ள அமெரிக்கத் தளத்துக்கு விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்களை மாற்றும் திட்டம் வந்தபோது, அன்றைய மேயர் கத்சுசுகே இஹாரா 2006 மார்ச்சில் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். வாக்களித்தவர்களில் 87 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். மத்திய அரசு அசையவில்லை. புதிய நகர்மன்றக் கட்டடத்துக்குத் தருவதாக இருந்த மானியத்தை நிறுத்தி வைத்தது. மேயர் பதவி விலகி மீண்டும் தேர்தலில் நின்றார். 2008 பிப்ரவரியில் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 2018 மார்ச்சில் விமானங்கள் வந்து சேர்ந்தன.

இதே ஊரில் இதற்கு முன்னால் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. சத்தமும் விபத்து ஆபத்தும் குறைய ஓடுபாதையைக் கடலுக்குள் தள்ளிப் போடுங்கள் என்று அந்த ஊர் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கடலை நிரப்பி, ஓடுபாதையை 1 கிலோமீட்டர் தள்ளி அமைத்தார்கள். 2010-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 2012-ல் பயணிகள் விமான சேவையும் தொடங்கியது. பெரிய வெற்றிதான். ஆனால் கடலுக்குள் தள்ளிய அந்த ஓடுபாதை இருப்பதாலேயே, கூடுதல் விமானங்களை அங்கே அனுப்பலாம் என்ற யோசனை எளிதாகிப் போனது. ஊர் கேட்டு வாங்கிய சலுகையே தளம் பெருக்க இடம் கொடுத்தது. அப்படியானால் கேட்டது தப்பா? இல்லை. கேட்டதோடு நிறுத்திக்கொண்டதுதான் குறை. ‘இந்த வகை விமானங்கள், இத்தனை பறப்புகள், இதற்கு மேல் போனால் ஊரிடம் மறுபடியும் வர வேண்டும்’ என்ற வரி எழுத்தில் இல்லாவிட்டால் எந்தச் சலுகையும் அரைச் சலுகைதான்.

ஆகவே உங்களிடம் இருப்பது தடுக்கும் அதிகாரம் அல்ல. நிபந்தனை வைக்கும் வாய்ப்பு. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். ஆதரவுத் தீர்மானத்தை அவர்கள் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள் என்றால் அதற்கு அவர்களிடம் ஒரு மதிப்பு இருக்கிறது என்று பொருள். நிபந்தனை இல்லாமல் அதைக் கொடுத்த மறுநாள் அந்த மதிப்பு பூஜ்யம். அடுத்த கூட்டத்தில் போட வேண்டியது ஆதரவும் அல்ல, எதிர்ப்பும் அல்ல. ‘இந்த விவரங்கள் கிடைத்த பின் மன்றம் கருத்துச் சொல்லும்’ என்ற தீர்மானம். இதை யாரும் தேசத் துரோகம் என்று சொல்ல முடியாது. சொல்பவர்கள் சொல்லட்டும்.

அவசரத்தில் போட்ட தீர்மானம் என்ன செய்யும் என்பதற்குத் தென் கொரியாவின் ஜேஜு தீவில் உள்ள கங்ஜோங் கிராமத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 1,900 பேர் வாழ்ந்த ஊர். 2007 ஏப்ரலில் ஊர்த்தலைவர் கூட்டிய ஒரு கூட்டத்துக்கு 87 பேர்தான் வந்தார்கள். கடற்படைத் தளத்துக்குக் கைதட்டி ஒப்புதல் கொடுத்தார்கள். ஊர் கொதித்தது, தலைவர் மாற்றப்பட்டார். அதே ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் 725 பேர் வாக்களிக்க, 680 பேர் எதிர்த்தார்கள். அரசு முதல் ஒப்புதலைப் பிடித்துக்கொண்டது. பல ஆண்டுப் போராட்டம், கைதுகள், வழக்குகள் எல்லாவற்றுக்கும் நடுவே 2016-ல் தளம் திறக்கப்பட்டது. சொந்தக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத அளவுக்கு ஊர் இரண்டாகப் பிளந்தது. 2018-ல் அன்றைய அதிபர் மூன் ஜே-இன் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். அந்த ஊரில் தளம் செய்த சேதத்தைவிடக் கூட்டம் நடந்த விதம் செய்த சேதம் அதிகம் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் ஓடுபாதைப் பக்கக் குடியிருப்புகளிலேயே நடக்கட்டும். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பின், மாலையில். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது அப்படியே பதிவாகட்டும்.

ரகசியம் என்ற பதிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதைக் கேட்டாலும் ‘பாதுகாப்பு விஷயம், சொல்ல முடியாது’ என்ற பதில் வரும். அதில் பாதி உண்மை. எத்தனை குண்டுகள் வைப்பார்கள், எந்தப் படைப்பிரிவு வரும் என்பது உங்களுக்குத் தேவையும் இல்லை. வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்று கேளுங்கள். கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாம். சத்தத்தின் கோடு, வெடிமருந்துப் பாதுகாப்பு எல்லை, விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே உயரக் கட்டுப்பாடு உள்ள பகுதி, தண்ணீர் எடுக்கும் இடம், கழிவுநீர் விடும் இடம், லாரிகள் போகும் வழி. இவை எல்லாம் வேலிக்கு வெளியே உள்ள விஷயங்கள். வேலிக்கு வெளியே இருப்பது ரகசியமாக இருக்க முடியாது.

சத்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ‘சராசரி இத்தனை டெசிபல், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது’ என்று ஒரு வரைபடம் கொண்டுவருவார்கள். அது பொய்யாக இருக்காது. ஆனால் எதன் சராசரி என்று கேளுங்கள். பல நாடுகளில் பயன்படுத்தும் பகல்-இரவுச் சராசரிக் கணக்கில் இரவு விமானத்துக்கு 10 டெசிபல் கூட்டிப் போடுகிறார்கள். அதாவது ஒரு இரவுப் பறப்பு பத்துப் பகல் பறப்புக்குச் சமம். அந்த அளவுக்கு அது நியாயமான முறை. சிக்கல் ஆண்டுச் சராசரியில் இருக்கிறது. பயிற்சித் தளத்தில் தினமும் பறக்க மாட்டார்கள். வருடத்தில் 100 நாள் மட்டும் பறந்து மற்ற நாள் அமைதியாக இருந்தால், ஆண்டுச் சராசரி அந்தப் பறக்கும் நாளின் உண்மையான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் குறைந்து தெரியும். மக்கள் சராசரியில் தூங்குவதில்லை. அந்தந்த இரவில்தான் தூங்குகிறார்கள். எனவே மூன்று எண்களைக் கேளுங்கள்: பறக்கும் நாளின் சராசரி, ஒரு விமானம் தலைக்கு மேல் போகும்போது உச்ச அளவு, இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பறப்புகள்.

‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் குடியிருப்புக்கு ஏற்ற எல்லையாக 65 டெசிபலை வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டுதல் 2018-ல் விமானச் சத்தத்துக்கு 45-க்குக் கீழே, இரவில் 40-க்குக் கீழே என்று பரிந்துரைத்தது. கணக்கிடும் முறையில் சின்ன வேறுபாடு உண்டு; இருந்தாலும் இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். உங்களிடம் எந்த அளவைக் காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து, மற்ற அளவில் வைத்தால் கோடு எங்கே போகும் என்று வரையச் சொல்லுங்கள்.

அந்தக் கோட்டுக்குள் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1992-ல் ம்யூனிக் நகரத்தின் விமான நிலையம் பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்துக்குப் போனபோது ஆய்வாளர்கள் இரண்டு இடத்துக் குழந்தைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய நிலையத்தின் அருகே இருந்த குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மெல்ல முன்னேறின. புதிய நிலையத்தின் அருகே இருந்த குழந்தைகளிடம் அதே திறன்கள் பின்வாங்கின. அது பயணிகள் விமான நிலையம். போர் விமானம் அதைவிட அமைதியாகப் பறக்கும் என்று நம்பக் காரணம் இல்லை. வகுப்பு நேரத்தில் பறக்காமல் இருக்கவோ, பள்ளியை அவர்கள் செலவில் சத்தம் புகாமல் மாற்றவோ கேட்பது நியாயமான நிபந்தனை. ஜப்பானில் தளங்களைச் சுற்றியுள்ள வீடுகளுக்குச் சத்தத்தடுப்பு வசதி செய்து தர 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. தென் கொரியாவில் மேஹ்யாங்ரி என்ற ஊர் மக்கள் குண்டுவீச்சுப் பயிற்சித் திடலின் சத்தத்துக்காக நீதிமன்றம் போய் 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டு திடல் மூடப்பட்டது. 2019-ல் அந்த நாடு, ஒவ்வொருவராக வழக்குப் போடாமலேயே ராணுவ விமானச் சத்தத்துக்கு மாதாந்திர இழப்பீடு தரும் சட்டம் கொண்டுவந்தது. தொகை சிறியது, அதிகபட்சம் மாதம் 60,000 வொன். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் சத்தம் ஒரு சேதம் என்று அரசே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். முன்கூட்டியே அதை ஒப்பந்தத்தில் எழுத வைத்துவிட்டால், உங்கள் ஊர்க்காரர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்காது.

தண்ணீர் சத்தத்தைப் போலக் காதில் விழாது என்பதால் இதைத் தள்ளிப் போடுவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் செய்வேன்: தளத்தின் ஒரு கல்லும் நடுவதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள், ஏரி எல்லாவற்றின் நீரையும் எடுத்து நல்ல ஆய்வகத்தில் சோதித்து வைப்பது. எரிபொருள் கலப்பு, உலோகம் கழுவும் கரைப்பான்கள், வெடிமருந்தில் இருந்து வரும் சேர்மங்கள், தீயணைப்பு நுரையில் இருக்கும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள் ஆகிய நான்கும் பட்டியலில் இருக்க வேண்டும். விமான எரிபொருள் தீயை அணைக்க உலகம் முழுக்க ராணுவத் தளங்களில் பல பத்தாண்டுகள் அந்த நுரையைப் பயன்படுத்தினார்கள். பயிற்சிக்காகவே திரும்பத் திரும்பத் தரையில் கொட்டினார்கள். அதில் உள்ள இந்த ரசாயனங்கள் இயற்கையில் எளிதில் சிதையாது. அமெரிக்கா 2024-ல் அந்த வகையின் இரண்டு முக்கிய ரசாயனங்களுக்குக் குடிநீரில் வைத்த வரம்பு, லிட்டருக்கு 4 நானோகிராம். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் இது வராது. தனியாகக் கேட்டு, பணம் கட்டிச் செய்ய வேண்டும். புதிய தளத்தில் அந்த ரசாயனம் இல்லாத நுரைதான் என்று எழுதி வாங்குங்கள். இப்போது அப்படிப்பட்ட நுரை கிடைக்கிறது.

ஏன் இப்போதே சோதனை? பின்னால் யார் கெடுத்தது என்ற சண்டை வரும். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீர் கெட்டிருந்தது. ஒரு நீர் அமைப்பில் காரணம் முகாமுக்கு வெளியே இருந்த ஒரு சலவைக் கடையின் கரைப்பான். இன்னொன்றில் முகாமுக்கு உள்ளேயே கசிந்த எரிபொருள் தொட்டிகளும் கழிவுகளும். பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வழிவிடும் சட்டம் 2022-ல்தான் வந்தது. உங்கள் பழைய ஓடுபாதையிலும் முன்பே எண்ணெய் சிந்தியிருக்கலாம். சுற்றிலும் பட்டறைகள் இருக்கலாம். முதல் நாள் கணக்கு கையில் இருந்தால், எது பழையது, எது புதியது என்று யாரும் வாதாட வேண்டாம். இது ராணுவத்துக்கும் பாதுகாப்புத்தான். நல்ல அதிகாரியாக இருந்தால் மறுக்க மாட்டார்.

வெடிமருந்துக் கிடங்கைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அதுதான் அதிகக் கவலை. கிடங்குக்கும் வீடுகளுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு ஐ.நா.வின் வெடிமருந்துப் பாதுகாப்பு வழிகாட்டுதலில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. மொத்தமாக வெடிக்கக்கூடிய ரகம் என்றால், ஓர் இடத்தில் வைக்கும் வெடிபொருளின் எடையைக் கிலோவில் எழுதி, அதன் கனமூலத்தை 22.2-ஆல் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 8,000 கிலோ என்றால் 444 மீட்டர். 64,000 கிலோ என்றால் 888 மீட்டர். எட்டு மடங்கு சரக்கு, இரண்டு மடங்கு தூரம், நான்கு மடங்கு நிலப்பரப்பு. அந்த வட்டம் வேலிக்குள்ளேயே முடிகிறதா, ஊருக்குள் வருகிறதா? ஊருக்குள் வந்தால் அந்த நிலத்தில் இனி வீடு கட்ட முடியாது, சொந்தக்காரருக்கு நஷ்டம். இந்தியாவில் 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டமே இப்படிக் கட்டுப்பாடு போட்டால் இழப்பீடு உண்டு என்கிறது. இப்படி ஏற்பாடு உள்ள நாடுகளில் மக்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கிடங்கு ஊரை நோக்கி நகர்வதில்லை. ஊர்தான் கிடங்கை நோக்கி வளர்கிறது. 2002 ஜனவரியில் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் உள்ள இகேஜா ராணுவ முகாமில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொன்றது வெடிப்பு அல்ல. எங்கே ஓடுவது என்று தெரியாமல் இருட்டில் கால்வாயில் விழுந்து மூழ்கியவர்கள் அவர்கள். 2011 ஜூலையில் சைப்ரஸில் ஒரு கடற்படைத் தளத்தில், திறந்தவெளியில் வெயிலில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த 98 கொள்கலன் வெடிபொருள் வெடித்து 13 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த மின்நிலையம் நாசமாகி நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி போனது. முதல் சம்பவத்தில் உள்ளாட்சியின் பங்கு இரண்டு: வட்டத்துக்குள் கட்ட அனுமதி கொடுக்காமல் இருப்பது, ஆபத்து வந்தால் மக்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முன்பே சொல்லி வைப்பது. இரண்டும் உங்கள் மன்றத்தின் கையில் உள்ளவை. கட்டட அனுமதிக்காக உங்களிடம் வரும் பெரிய மனிதர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அதில் என்னால் உதவ முடியாது.

வேலைவாய்ப்புக் கணக்கை வணிகர் சங்கம் உங்களிடம் கொடுத்திருக்கும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: கட்டும்போது வரும் வேலை, கட்டிய பின் உள்ளூர்க்காரருக்கு நிரந்தரமாகக் கிடைக்கும் வேலை, வெளியூரில் இருந்து மாற்றலாகி வருபவர்களின் வேலை. மூன்றாவதையும் சேர்த்துத்தான் பெரிய எண் சொல்வார்கள். தளத்துக்குள்ளேயே கேன்டீன், கடை, மருத்துவமனை இருந்தால் அவர்கள் வெளியே செலவு செய்வது குறையும். வாடகை மட்டும் ஏறும். அமெரிக்கத் தளங்கள் நிறைந்த ஓகினாவா தீவு 1972-ல் மீண்டும் ஜப்பானுடன் சேர்ந்தபோது அதன் வருமானத்தில் தளங்களின் பங்கு சுமார் 15 சதவீதம். பிற்காலத்தில் அது ஏறத்தாழ 5 சதவீதம்தான். ‘தளம் இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை’ என்று அங்கே சொன்ன காலமும் இருந்தது. 1987-ல் திரும்பக் கிடைத்த, அங்குள்ள நாஹா நகரத்தின் பழைய ராணுவக் குடியிருப்பு இன்று கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த புதுநகரம். தளமாக இருந்தபோது தந்ததைவிடப் பல மடங்கு வருமானம் தருகிறது.

வரியையும் கேளுங்கள். ராணுவ நிலத்துக்குப் பெரும்பாலும் சொத்து வரி கிடையாது. ஆனால் அங்கே குடிவருபவர்களின் பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கு வருவார்கள், லாரிகள் உங்கள் சாலையில் ஓடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்கா 1950 முதல் அப்படிப்பட்ட பள்ளிகளுக்குத் தனி உதவித்தொகை கொடுத்து வருகிறது. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்குமா, எந்தத் தலைப்பில், எத்தனை ஆண்டுக்கு? ‘சிறப்பு மேம்பாட்டு நிதி’ என்று யாராவது பேசினால், அது சட்டப்படி வருவதா அல்லது யாரோ ஒருவர் மனம் வைத்தால் வருவதா என்று பாருங்கள். ஓகினாவாவில் நாகோ நகரத்துக்கு அப்படி ஒரு மானியம், தளத்தை எதிர்த்த மேயர் இருந்த எட்டு ஆண்டுகள் நின்றது. எதிர்க்காத மேயர் 2018-ல் வந்ததும் மீண்டும் வந்தது. மனம் வைத்தால் வரும் பணத்தை நம்பி மாதச் சம்பளம் போன்ற செலவை ஏற்காதீர்கள். குழாய் பதிக்க, கட்டடம் கட்ட என்று ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்து ஆட்கள் ஊருக்குள் தப்பு செய்தால் யார் வழக்குப் பதிவார்கள், லாரி மோதினால் யார் இழப்பீடு தருவார்கள் என்பதை உள்ளூர்க் காவல்துறையோடு சேர்ந்து முன்பே எழுதி வைப்பதும் அவசியம். இது சின்னப் பத்திதான், ஆனால் விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், யாரும் பேசாத விஷயம்: தளம் ஒரு நாள் போகும். பிலிப்பைன்ஸில் அமெரிக்காவின் சூபிக் கடற்படைத் தளம்தான் ஒலோங்காப்போ நகரத்தின் வாழ்வாதாரமாக இருந்தது. 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்ததில் தளம் சாம்பலில் மூழ்கியது. செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் தளத்தைத் தொடரும் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர்கள் கிளம்பிவிட்டார்கள். மேயர் ரிச்சர்ட் கார்டன் தளம் இருக்க வேண்டும் என்று வாதாடியவர். தோற்றபின் அவர் செய்ததைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைத் திரட்டிக் கட்டடங்களும் இயந்திரங்களும் கொள்ளை போகாமல் காத்தார். அதை வரியில்லா வணிகத் துறைமுகமாக மாற்றும் வேலைக்குத் தலைமை தாங்கினார். ஃபெடெக்ஸ் நிறுவனம் 1995-ல் அங்கே தன் ஆசிய மையத்தையே வைத்தது. 2009-ல் அதுவும் சீனாவுக்குப் போய்விட்டது; ஆனாலும் ஊர் நின்றது. ஒரு குறை: 1947-ல் போட்ட அந்தப் பழைய ஒப்பந்தத்தில், போகும்போது மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கடமை இல்லை. விட்டுப்போன கழிவுகளைப் பற்றிய சச்சரவு பல ஆண்டுகள் நீண்டது. அமெரிக்காவிலேயே நியூ ஹாம்ப்ஷயரில் பீஸ் விமானத் தளம் 1991-ல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் வணிக வளாகமாக மாறியது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 2014-ல் அங்கே ஒரு குடிநீர்க் கிணற்றை மூட நேர்ந்தது. காரணம் அதே தீயணைப்பு நுரை.

மூடும்போது யார் சுத்தம் செய்வது, நிலம் யாருக்குத் திரும்புவது என்ற இரண்டு வரிகளை இன்று எழுத வைப்பது எளிது. முப்பது ஆண்டு கழித்து எழுத வைப்பது நடக்காத காரியம்.

எடைபோடுவது எப்படி என்றுதானே கேட்டீர்கள்? நன்மைகளை ஒரு தட்டிலும் தீமைகளை ஒரு தட்டிலும் வைத்துக் கூட்டிக் கழிக்கும் முறை எனக்குப் பிடிப்பதில்லை. வணிகருக்குக் கிடைக்கும் லாபத்தால் ஓடுபாதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தை ஈடுகட்டியதாகக் கணக்குக் காட்டிவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை. வரைபடத்தில் சத்தம், வெடிமருந்து, உயரக் கட்டுப்பாடு மூன்றின் கோடுகளையும் மூன்று நிறத்தில் போட்டு, உள்ளே விழும் வீடுகளைப் பட்டியலிடுங்கள். அந்த வீடுகளுக்குத் தனியாக என்ன கிடைக்கப் போகிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் திட்டம் இன்னும் தயாராகவில்லை, ஊர் முழுவதற்கும் எவ்வளவு லாபம் என்றாலும் சரி. வேறு இடம் கேட்கும் குடும்பங்களுக்கு இப்போதே இடமும் வீடும் முடிவாக வேண்டும்; கட்டுமானம் தொடங்கிய பின் அவர்கள் குரலை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கான தீர்மானத்தில் இவை இருக்கட்டும்: சத்தக் கோடும் வெடிமருந்து வட்டமும் குறித்த வரைபடம் கேட்பது; நீர், சத்தம் இரண்டின் இன்றைய நிலையை மூன்றாம் தரப்பைக் கொண்டு அளக்க நிதி ஒதுக்குவது; குடியிருப்புகளில் கருத்துக்கேட்பு; பறப்புகளும் கிடங்கின் அளவும் கூடினால் மறுபடியும் மன்றத்தின் கருத்தைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை; மூடும்போது சுத்தம் செய்யும் பொறுப்பு. இரு தரப்பும் மாதம் ஒருமுறை உட்காரும் குழுவையும் கேளுங்கள். தளத்தின் தலைமை அதிகாரி மாறிக்கொண்டே இருப்பார், குழு இருந்தால் பேச்சு அறுந்துபோகாது. வரைபடம் தரமாட்டேன் என்றால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

நீர் மாதிரி எடுக்கும்போது ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு பாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று உங்கள் ஆய்வகத்துக்கு, இன்னொன்று முத்திரையிட்டுத் தளத்தின் பொறுப்பாளரிடம். அவர்கள் ஆள் ஒருவர் கூடவே நின்று கையெழுத்திட வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. முதல் சுற்று தீர்மானத்துக்கு முன்பே முடிந்தால் நல்லது.